கடைசிச் சாலில் அக்கா திறந்துவிட்ட பக்கம்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் கூடினால் பின்னால் போய் நிற்கிறவன் என்பதும் உங்களுக்குத் தெரியும். இந்த நினைவு மலரில் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் குடும்பத்தில் இருக்கிறார்கள். அக்கா மகள்தான், "நீங்களே எழுதுங்க மாமா, அம்மாகூடப் பொறந்தவரு நீங்க ஒருத்தருதான்" என்று நோட்டைக் கையில் கொடுத்தாள். துணிந்து எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தை என்னைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது என்பதால்தான் ஒப்புக்கொண்டேன்.

அக்கா பிறந்தது ரிஷிவந்தியம் பக்கத்தில். எங்களுக்கு நிலம் கிடையாது. அம்மா களை எடுக்கும்போது என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்றது அக்காதான். திருமணமாகி, மகள் நடக்கத் தொடங்கும் முன்பே அவருடைய கணவர் காய்ச்சலில் தவறிவிட்டார். அதன் பிறகு அக்காவும் நானும் மூங்கில்துறைப்பட்டு பக்கம் கரும்பு வெட்டும் குழுவில் சேர்ந்தோம்.

வெட்டுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். நாலு பக்கமும் வெட்டிக்கொண்டு உள்ளே போகப் போக, வயலில் இருக்கும் எலி, கீரி, பாம்பு எல்லாம் நடுவில் மிஞ்சும் கரும்புக்குள் ஒதுங்கிவிடும். கடைசி நாலு சால், அதாவது நாலு வரிசைக் கரும்பு, மிஞ்சும்போது பெண்கள் விலகிக்கொள்வார்கள். ஆண்கள் தடியோடு சுற்றி நிற்போம். வெளியே வரும் பாம்பு எதுவானாலும் அடிதான். நானும் நிறைய அடித்திருக்கிறேன்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, அடித்துப் போட்ட பாம்புகளின் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருப்பார். ஒரு குச்சியால் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். சுகாதார நிலையத்துச் சுவரில் நாலு விஷப் பாம்புகளின் படம் இருந்தது. மகளுக்கு ஊசி போடப் போகும்போதெல்லாம் அதன் முன்னால் நின்றுவிட்டு வருவார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நாங்கள் கொன்றவற்றைப் பார்த்தே கற்றுக்கொண்டார்.

"இன்னாமா, பொணத்துக்குத் துணைக்கு உக்காந்துகினு கீற?" என்று எங்கள் வெட்டுக் குழுவின் மேஸ்திரி ஒருநாள் கேட்டார்.

"நீங்க அடிச்சது தண்ணிப் பாம்புங்க மேஸ்திரி. தவளை புடிக்க வந்துச்சி. ஒங்கள புடிக்க வரல" என்றார் அக்கா.

மேஸ்திரியே சிரித்துவிட்டார். அதற்கடுத்த வயலில் அக்கா கேட்டதை அனுமதித்தார். கடைசி நாலு சாலில் வாய்க்கால் பக்கம் மட்டும் ஆள் நிற்காமல் திறந்துவிட வேண்டும், போகிறது போகட்டும் என்பதுதான் அவர் கேட்டது. விஷப் பாம்பா இல்லையா என்று தெரியாவிட்டால் தள்ளி நில்லுங்கள், கடித்தால் மந்திரிக்கப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எல்லோரிடமும் சொல்வார். அவர் ஒருநாளும் பாம்பைக் கையால் தொட்டதில்லை.

அந்த வருடம் கடைசி வயலில், தடித்த உடம்பும் பழுப்புத் திட்டுமாக ஒன்று வெளியே வந்தது. "கண்ணாடி விரியன்" என்று சத்தம் போட்டுத் தடியை ஓங்கினார்கள். அக்கா குறுக்கே வந்து, "அடிக்காதீங்க, இது மண்ணுளி, வெசமில்ல. வாலப் பாருங்க, கட்டையா கீது" என்றார். அது வாய்க்கால் பக்கம் போய் மறைந்தது. அவருக்குப் பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன். வால் மழுங்கிக் கட்டையாக இருந்தது. உடம்பில் விரியனுக்கு உள்ளதுபோல் சங்கிலி வரிசை இல்லை, திட்டுகள் தாறுமாறாக இருந்தன. மற்றவர்கள் காய்ந்த கரும்புத் தோகைக் குவியலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

மூன்றாம் நாள் மாலை, எங்கள் தெருப் பெரியப்பாவை அதே வாய்க்கால் கரையில் விரியன் கடித்தது. ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். ஆனால் கால் பழையபடி வரவில்லை. அக்கா விட்ட பாம்புதான் கடித்தது என்று ஊர் முழுக்கப் பேச்சு.

மேஸ்திரி எல்லோரையும் டிராக்டர் பக்கத்தில் கூட்டினார். "நீயும் பக்கத்துல தான நின்ன. இன்னா பாம்புடா அது?" என்று என்னைக் கேட்டார்.

இருபது பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். பெரியப்பாவின் பிள்ளைகள் முன்னால் நின்றார்கள். அக்கா பக்கம் பேசினால் என்னையும் குழுவிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று பயம். "சரியா தெரீலீங்க" என்றேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. வெட்டுக்கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு நடந்துவிட்டார். அன்றோடு அவருக்கு எங்கள் பக்கத்தில் வெட்டு வேலை இல்லை.

அதன் பிறகு மகளோடு கல்வராயன் மலைக்குப் போனார். மரவள்ளிக் காட்டில் கூலி வேலை. மூன்று பொங்கலுக்கு அவர் ஊருக்கு வரவில்லை. நான் மலைக்குப் போனபோது சோறு போட்டார், பேசினார், அந்த நாளைப் பற்றி மட்டும் பேசவில்லை. அங்கே யார் வீட்டில் பாம்பு வந்தாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். எனக்கும் போனில் சொல்வார். "மொதல்ல தள்ளி நில்லுடா. அப்பறம் வரி எங்க ஆரம்பிக்கிதுன்னு சொல்லு" என்பார். கழுத்திலேயே வெள்ளை வரி தொடங்கி வால் பக்கம் மங்கினால் அது விஷமில்லாத ஓநாய்ப் பாம்பாக இருக்கலாம், தலைக்குக் கொஞ்சம் தள்ளித் தொடங்கி வால் வரை தெளிவாக இருந்தால் கட்டுவிரியன், எதுவானாலும் கிட்டே போகாதே என்பார்.

இப்போதும் வரப்பில் பாம்பைக் கண்டால் கை போனுக்குப் போகிறது. அந்த எண்ணை நான் அழிக்கவில்லை.

உடம்பு முடியாமல் மலையிலிருந்து இறங்கி, கடைசி நாலு மாதம் ஆஸ்பத்திரியிலும் என் வீட்டிலுமாக இருந்தார். ஒருநாள் மதியம் கஞ்சி கொடுக்கும்போது, "அக்கா, அன்னிக்கி டிராக்டராண்ட..." என்று தொடங்கினேன்.

"தெரியும்டா. கஞ்சி ஆறுது, குடு" என்றார்.

கஞ்சியைக் கொடுத்தேன். நான் சொல்ல வந்ததைக் காதால் கேட்காமலேயே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கேட்டிருக்க வேண்டிய வார்த்தையை உங்களிடம் சொல்கிறேன். அது மண்ணுளிப் பாம்பு. நான் பார்த்தேன். அக்கா சொன்னது உண்மை.

அவரை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்த வேன் டிரைவருக்கும், ஆஸ்பத்திரியில் துணி துவைத்துக் கொடுத்த பக்கத்துப் படுக்கை அம்மாவுக்கும், காரியத்தன்று சமையலை ஏற்றுக்கொண்ட தெருக்காரர்களுக்கும், தூரம் பார்க்காமல் மலையிலிருந்து வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதைப் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சம்மதம் இல்லாமல் போட மனம் வரவில்லை. முழுவதும் கேட்டார். கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்பவே சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு ஊர்லியே இருந்திருக்கும்டா" என்றார். பிறகு, "போடு" என்றார்.

மறுநாள் காலை அவர் வீட்டு விறகு அடுக்கில் பாம்பு என்று என்னைக் கூப்பிட ஆள் வந்தது. போனேன். நான் வரும் வரை யாரும் தடி எடுக்க வேண்டாம் என்று பெரியப்பா சொல்லியிருந்தார். சாரைப் பாம்பு. வேலிப் பக்கம் விலகி நின்றவர்களை மறுபக்கம் வரச் சொன்னேன். அது வேலிக்குள் போய்விட்டது.