கிழக்கு வரிசை

பாறசாலைப் பக்கம் ரப்பர் வெட்டும் வேலையில் அவரோடு கூலிக்கு நின்றேன். மெலிந்த மனிதர், முனகலாக ஜெபித்தபடியே பால் வடிய மரப்பட்டையை வெட்டுவார். இயேசுவின் பின்னால் போகத் துணிந்து, இந்தத் தோட்டத்தையே ஓர் அநாதை இல்லத்துக்கு எழுதிக் கொடுத்தவர் அவர்தான். அன்றைக்கே மனைவி பாலராமபுரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"குடுத்ததுல வருத்தம் உண்டா அண்ணே?" என்று கேட்டேன்.

"மரத்துக்கு வருத்தம் இல்ல மக்கா. அவகிட்ட ஒரு வார்த்த கேக்கல்ல. எனக்க சிலுவைய அவ தோள்லயும் வச்சுட்டேனாக்கும்."

மழை தூறியது. மரங்களில் கட்டியிருந்த தேங்காய்ச் சிரட்டைகளில் வடிந்த பாலில் தண்ணீர் கலப்பதற்குள் எடுக்க வாளியோடு ஓடினோம். கிழக்கு வரிசை அப்படியே கிடந்தது.

"அங்க ஏன் போகல்ல?"

"அது அவ எடுக்கிற வரிசை," என்றார், நனைந்துகொண்டே.