ஆப்ப சோடாவும் அவசரப் பசையும்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. திருநீறு எடுக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது போல இருந்தது. எல்லாம் ஆப்ப சோடா செய்த வேலை.

அது எண்பதுகள். மதுரை டவுனில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் எனக்கு பிளான் வரையும் வேலை. பிளானைக் காட்டினால் எங்கள் பார்ட்டிகள் பலருக்குத் தலையும் புரியாது காலும் புரியாது. "இதுல வாசப்படி எங்கிட்டு இருக்கு?" என்று கேட்பார்கள். அவர்களுக்காகவே கட்டடத்தைச் சின்னதாக மாடல் செய்து காட்டுவோம். அட்டை, மரக்குச்சி, அக்ரிலிக் தகடு எல்லாவற்றையும் வெட்டி, ராவி, ஒட்டும் அந்த வேலை எப்படியோ என் கைக்கு வந்து சேர்ந்தது. பிளான் வரைவதைவிட எனக்கு அதுதான் பிடித்திருந்தது. ஒரு மண்டபத்தை மேஜைமேல் கட்டி நிறுத்திவிட்டு, குனிந்து அதன் வாசல் வழியாக உள்ளே பார்க்கிற சுகம் வேறு எதிலும் கிடையாது.

முதலில் வெள்ளைப் பசைதான். ஒட்டிவிட்டு மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். பிறகு இந்த அவசரப் பசை வந்தது. சிங்கப்பூரிலிருந்து யாராவது வந்தால்தான் பார்க்கலாம் என்றிருந்தது போய், டவுன் கடைகளிலேயே சின்னச் சின்ன டியூப்பாகத் தொங்க ஆரம்பித்தது. ஒரு நொடியில் ஒட்டும் என்று பெருமை பேசுவார்கள். பேசியவர்கள் சித்திரை மாதத்தில் மதுரைக்கு வந்ததில்லை போலிருக்கிறது. அந்தப் பசை இறுகக் காற்றில் கொஞ்சம் ஈரம் வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் ஈரத்துக்கு எங்கே போவது? தூணைப் பிடித்தபடி 'ஹா, ஹா' என்று வாய்க்காற்றை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ரொம்ப ஊதினால் பசையின் ஆவி பட்டு அக்ரிலிக் ஜன்னல்கள் பூஞ்சை பிடித்தது போல வெளுத்துவிடும்.

வெளிநாட்டில் இதைச் சட்டென்று இறுக வைக்கத் தனியாக ஒரு ஸ்பிரே இருக்கிறதாம். நமக்கு யார் கொண்டுவந்து கொடுப்பார்கள்? அதே வேலையை ஆப்ப சோடா செய்யும் என்று யாரோ சொல்லக் கேட்டு, அம்மாவின் சமையலறையிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுபோனேன். இடைவெளியில் சோடாவைத் தூவி, மேலே ஒரு சொட்டுப் பசை விட்டால் போதும். 'சுர்'ரென்று சூடேறும், மெல்லிசாகப் புகை வரும், கண் எரியும். அடுத்த நொடி அந்த இடம் கல். அரத்தால் ராவி வழவழப்பாக்கிவிடலாம். இரண்டு துண்டுகள் சரியாகப் பொருந்தாத இடத்தைக்கூட அது நிரப்பிவிடும். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வரன் வந்தது. மாப்பிள்ளை கப்பலூரில் ஏதோ சின்னக் கம்பெனி வைத்திருக்கிறார் என்று மட்டும் எங்களுக்குத் தெரியும். அப்பா என்னைக் கேட்காமலேயே, "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய விட்டுருவா" என்று அவர்களிடம் சொல்லியனுப்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மாப்பிள்ளை யாராக இருந்தாலும் சரி, அந்த மேஜையை விடமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியில் சொல்லத்தான் தைரியமில்லை.

பெண் பார்க்க அன்று சாயங்காலம் வருகிறார்கள். எனக்கு அரை நாள் லீவு. ஒத்தக்கடையில் கட்டப்போகிற கல்யாண மண்டபத்தின் மாடலில் ஒரே ஒரு தூணின் அடியில் இடைவெளி. அதை முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்தேன். தூவிய சோடாவை விரலால் ஒதுக்கிவிட்டு, அந்தக் கையாலேயே தூணைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டியூபை அழுத்தினேன். பசை மொத்தமாக வழிந்து விரலிடுக்கில் இறங்கியது. கையிலோ சோடா மாவு. சுரீரென்று சுட்டது. தூணிலிருந்து கை வந்துவிட்டது, விரல்கள் பிரியவில்லை. பசை மட்டும் என்றால் கொஞ்ச நேரத்தில் உரிந்துவிடும், பழக்கம்தான். சோடா சேர்ந்து கல்லானதை எப்படிப் பிரிப்பது என்று ஆபீசில் யாருக்கும் தெரியவில்லை.

திருநகர் பஸ்ஸில் இடது கையால் காசு நீட்டியதற்குக் கண்டக்டர் முறைத்தார். வீட்டில் அம்மா தேங்காயெண்ணெய் தடவினாள், மண்ணெண்ணெய் தடவினாள், கடைசியில் பிளேடை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் கத்திய கத்தலில் அதை வைத்துவிட்டாள்.

"இழவெடுத்த வேல! இன்னிக்குன்னு பாத்தா இத இழுத்துக்கிட்டு வருவ? கை கோணன்னு எந்திரிச்சுப் போயிருவாங்கடி!"

அவர்கள் வந்துவிட்டார்கள். கையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு நின்றேன். கும்பிடு பாதிக் கும்பிடாகப் போனது. காபித் தட்டை அம்மாவே தூக்கிக்கொண்டு வந்து, "பிள்ளைக்குக் கையில சுட்டுக்கிருச்சு" என்றாள். மாப்பிள்ளையின் அம்மா சும்மா இருக்கவில்லை. எழுந்து என் பக்கத்தில் வந்து, "எங்கத்தா சுட்டுச்சு? காட்டு" என்று தலைப்பை விலக்கிவிட்டார்.

அப்பா தரையைப் பார்த்தார்.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "சுட்டது இல்லம்மா. பசை."

தன் கட்டைவிரலைத் திருப்பிக் காட்டினார். தோல் உரிந்து வெள்ளை வெள்ளையாக இருந்தது. பம்ப்செட்டுக்குப் போடும் ரப்பர் வளையம் செய்கிற கம்பெனியாம் அவருடையது. ரப்பர்க் கயிற்றை வெட்டி, முனையையும் முனையையும் சேர்த்து ஒட்டுவது இதே பசையால்தான். அங்கே விரல் ஒட்டாத நாளே கிடையாதாம்.

"வெதுவெதுன்னு தண்ணியில சோப்பப் போட்டு ஊற வைங்க. இழுக்கக் கூடாது. பென்சில் மாதிரி எதையாச்சும் விட்டு மெதுவா உருட்டணும்" என்றவர், என் விரலை உற்றுப் பார்த்தார். "ஆனா இம்புட்டுக் கெட்டியா இருக்கே! என்ன போட்டீங்க?"

"ஆப்ப சோடா" என்றேன்.

"சோடாவா? எம்புட்டுப் போடணும்?"

பெண் பார்க்க வந்த இடத்தில் நான் தூணையும் இடைவெளியையும் புகையையும் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணைக் காட்டிப் பார்த்தாள், நான் நிறுத்தவில்லை. அம்மா கொண்டுவந்து வைத்த சோப்புத் தண்ணீரில் கை ஊறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு ஓரம் விட்டது, பிறகு முழுதாகப் பிரிந்தது. தோல் கொஞ்சம் போனது. போகட்டும்.

அப்போது அவருடைய அம்மா கேட்டார்: "கல்யாணத்துக்கு அப்புறமும் இந்த வேலைக்குப் போவியாத்தா?"

"இல்லைங்க, அவ..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"போவேன்" என்றேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அந்த அம்மா 'சரி' என்றும் சொல்லவில்லை, 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. காபியைக் குடித்துவிட்டு, "போயிட்டு வாரோம்" என்று கிளம்பிவிட்டார்.

சம்மதம் என்று தகவல் வந்தது. வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அப்பாவைக் கேட்கச் சொன்னால், "கூடிவர்ற காரியத்தக் கெடுத்துறாத" என்றார். நிச்சயதார்த்தம் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மனிதரைப் பிடித்துப்போயிருந்ததால் பயம் இன்னும் அதிகமாக இருந்தது. வேலையா அவரா என்று கேட்டுவிட்டால் என்ன செய்வேன்?

நிச்சயத்தன்று மோதிரம் போடும் நேரம். "கையை நீட்டுப்பா" என்றார்கள். அவர் நீட்டவில்லை. இரண்டாவது தடவை சொன்னதும் அசட்டுச் சிரிப்போடு கையை வெளியே எடுத்தார். மோதிர விரலும் நடுவிரலும் ஒட்டிக்கொண்டிருந்தன. இடுக்கில் வெள்ளையாகச் சோடா. காலையில் ஒரு தடவை செய்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தாராம்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவருடைய அம்மா மட்டும் யாரையும் கேட்காமல் எங்கள் சமையலறைக்குள் போய், வெந்நீரும் சோப்பும் ஒரு பென்சிலுமாகத் திரும்பி வந்தார். மகனின் கையைப் பாத்திரத்துக்குள் அழுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எல்லாம் உன் சோடாவால வந்தது. இவனுக்கும் கம்பெனிப் பயலுகளுக்கும் நீதான் நேர்ல வந்து சொல்லிக் குடுக்கணும். கல்யாணம் முடிஞ்சதும் ஒரு ஞாயித்துக்கிழமையா பாத்து வா. மத்த நாள்ல உனக்கு ஆபீஸ் இருக்கும்ல?"

"இருக்கும் அத்தை" என்றேன். அத்தனை நாளாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது இறங்கிவிட்டது. அவர் விரல் பிரிகிற வரை மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பசியோடு, நிம்மதியாகக் காத்திருந்தேன்.