பற்றைக்காடு தரவையான கதை

இராணுவத்தினர் எங்கள் காணியை விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தது காணியை அல்ல, காட்டை. வீடு நின்ற இடத்தை முள் உடைமரமும் நாயுண்ணிப் பற்றையும் பங்கு போட்டிருந்தன. கிணற்றைத் தேடிப் பிடிக்கவே அரைநாள் போயிற்று. அழவேண்டிய இடம்தான். எனக்கோ துள்ளவேண்டும் போலிருந்தது. இவ்வளவு வெளி, என் பசுவுக்கு!

சுன்னாகத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வளவில் அவள் நின்றாள். கன்றாகப் பிறந்ததிலிருந்து கயிற்றில்தான். மாரி முடிந்ததும் வளவுக்காரர் அங்கே கடை கட்டப்போகிறார். அதற்குள் மேய்ச்சலுக்கு ஒரு தரவை கிடைக்காவிட்டால் அவளை விற்கத்தான் வேண்டும். சினைப்படாத பசுவைப் பாலுக்கு வாங்குவார்கள் என்று நம்ப நான் ஒன்றும் குழந்தைப்பிள்ளை இல்லை.

"ஒரு ஜேசிபியைப் பிடிச்சா பின்னேரத்துக்கிடையிலை துடைச்சு விட்டிடும்" என்றார் என் கணவர்.

"துடைச்சா மண்தான் மிஞ்சும், புல்லோ மிஞ்சும்? பக்கத்துக் காணியைப் பாருங்கோ. மெசின் போன இடமெல்லாம் பார்த்தீனியம் பூத்துக் கிடக்கு."

சண்டையில் நான் வென்றேன். வழக்கம்தான்.

கணவரின் அக்கா, என் மச்சாள், தன் ஆடுகளைக் கொண்டுவந்து இறக்கினாள். நாங்கள் உடைமரத்தைத் தறித்துச் சரிக்கச் சரிக்க, அவை இலையும் காயுமாக உருவித் தின்றன. நாயுண்ணியை அவை மோந்தும் பார்க்கவில்லை. அதை அலவாங்குக் கம்பி போட்டு வேரோடு கிளப்பும் வேலை கணவருக்கு. ஒவ்வொரு நாளும் காடு கொஞ்சம் பின்வாங்கும். பின்னேரம் வெளித்த இடத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பசிகூட எடுக்காது.

நாங்கள் வெங்காயத் தோட்டக்காரர்கள். புழுக்கை வீணாகப் போகச் சம்மதிப்போமா? வெளித்த நிலத்திலேயே இரவில் ஆடுகளைப் பட்டி அடைத்தோம். ஒரு மூலை எருவேறியதும் பட்டியை அடுத்த மூலைக்கு மாற்றினோம். நிலம் முழுவதும் அப்படியே. கணவர் பூரித்துப்போனார்.

முதல் மழை பெய்து சில நாளில் தரை பச்சையாயிற்று. "புல்லு வந்திட்டுது!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். குனிந்து பார்த்தால், புல் அல்ல, உடைமரக் கன்று! ஆடுகள் தின்ற காயெல்லாம் விதையாகப் புழுக்கையில் இறங்கியிருந்தது. மூலைமுடுக்கு விடாமல் நாங்களே விதைத்திருக்கிறோம், எருவும் போட்டு!

மச்சாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "வேலியாலை போன ஓணானைப் பிடிச்சு மடியிலை விட்ட கதையாப் போச்சடி!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு கன்றைப் பிடித்து இழுத்தேன். ஈர மண்ணில் சுகமாக வந்தது. வந்த இடத்தைப் பார்த்தேன். அடியில் அறுகம்புல் ஓடியிருந்தது. கலியாண வீடுகளில் அரிசியோடு தூவி வாழ்த்துகிறோமே, அதே அறுகு!

பிறகு மூவரும் நாள்தோறும் குந்தியிருந்து பிடுங்கினோம். இடுப்பு முறிந்தது, வாய் ஓயவில்லை. மாரி முடிவதற்குள் தரை அறுகின் கையில் வந்துவிட்டது.

பசுவை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வந்து, நடுத்தரையில் கயிற்றைக் கழற்றினேன். அவள் ஆவலாக மேய்ந்தாள். மேய்ந்தபடியே ஒரு வட்டம் வந்தாள். பிறகு மறுபடி அதே வட்டம். சுன்னாகத்தில் கயிறு எவ்வளவு நீளமோ, அவ்வளவுதான். அதற்கு அப்பால் புல் அப்படியே நின்றது.

நான் கணவரைப் பார்த்தேன். "இஞ்சேருங்கோ, கயிறில்லையெண்டு இவளுக்கு ஆர் சொல்லுறது?"

கணவர் வட்டத்துக்கு வெளியே போய் நின்று, ஒரு பிடி அறுகைப் பிடுங்கி நீட்டினார். அவள் கழுத்தை நீட்டினாள், எட்டவில்லை. ஒரு காலை எடுத்து வைத்தாள். நின்றாள். கழுத்து இழுபடவில்லை. மற்றக் காலையும் வைத்தாள். அவ்வளவுதான், வாலைக் கிளப்பிக்கொண்டு வேலிவரைக்கும் பாய்ந்தாள். திரும்பினாள், மறுபடி பாய்ந்தாள். ஆடுகள் சிதறின. நாங்கள் மூவரும் விசர் பிடித்தவர்களாகக் கத்திக்கொண்டு பின்னால் ஓடினோம்.

அவளுக்கு ஓடத் தெரியும் என்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது.