இடுப்பிலிருந்து நழுவிய வெள்ளி அரைஞாண்

என் மகள் ஷெரினுக்கு அப்போது நாலு மாதம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கும் ஃபரீனாவின் மகனும் அதே வாரம் பிறந்தவன். அவன் ஏழு கிலோ. என் பிள்ளையோ முந்தின மாதம் ஐந்து கிலோ முன்னூறுதான்.

ஃபரீனா கெட்டவள் இல்லை. "புள்ள ஒழுங்கா பால் குடிக்கிறாவா?" என்றுதான் கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ரோஷத்தில் ஒரு பொய் சொன்னேன். அதையும் கடவுள் பெயரால் சொன்னேன். கிளினிக்கில் பிள்ளையை நிறுக்குமுன் உடுப்பு, நகை எல்லாம் கழற்றச் சொல்வார்கள். ஞானஸ்நானத்துக்குப் போட்ட வெள்ளி அரைஞாணையும் கனத்த கொலுசையும் நான் கழற்றவில்லை. "நேர்த்தி வச்சுப் போட்டது மிஸ், திருநாள் வரைக்கும் கழட்டக் கூடாது" என்றேன். மிட்வைஃப் மிஸ் நம்பிவிட்டார். கார்டில் எடை ஏறிய மாதிரி விழுந்தது. உடனே படியேறிப் போய் ஃபரீனாவிடம் காட்டினேன். வெட்கங்கெட்டவள் நான்!

பிறகுதான் பயம் பிடித்தது. பிள்ளை பாதிப் பாலிலேயே தூங்கிவிடுவாள். அழக்கூடத் தெம்பில்லை. செவ்வாய்தோறும் கோவிலுக்குப் போய், "ஆண்டவரே, அடுத்த முறை தராசில் கூடக் காட்டும்" என்று அழுதேன். பிள்ளையைப் பாரும் என்று கேட்கவில்லை. தராசைத்தான் கேட்டேன்.

அடுத்த கிளினிக் அன்று வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தோம். உடுப்பைக் கழற்றிப் பிள்ளையைத் தூக்கி நிமிர்த்தினேன். அரைஞாண் இடுப்பிலிருந்து நழுவி என் மடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். கொக்கி போட்டபடியே இருந்தது. என் பிள்ளைதான் மெலிந்திருந்தாள்.

கொலுசையும் நானே கழற்றினேன். "மிஸ், போன முறை நான் பொய் சொன்னனான். நேர்த்தி ஒண்டும் இல்ல."

"பிள்ளைட உயிரோடயா விளையாடுறீங்க?" என்று ஏசிக்கொண்டே நிறுத்தார். ஐந்து கிலோ நூறு. அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

சிறுநீரில் கிருமி. இன்னும் பிந்தியிருந்தால் சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கும் என்றார் டொக்டர். பத்து நாள் வார்டில் இருந்தோம். எனக்குத் தினமும் சாப்பாடு கொண்டுவந்தது யார் என்கிறீர்கள்? ஃபரீனாதான்.

இப்போது ஷெரினுக்கு ஒரு வயது. எட்டு கிலோ இருநூறு, வெறும் உடம்போடு. ஃபரீனாவின் மகன் பத்து கிலோ. இருந்துவிட்டுப் போகட்டும், நல்லா இருக்கட்டும்.

நான் கேட்டதை ஆண்டவர் தரவில்லை. குறைத்துக் காட்டித்தான் என் பிள்ளையைத் தந்தார். நீங்களும் அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். பொய்யாகச் சொன்ன அந்த நேர்த்தியை நான் இந்தத் திருநாளில் மெய்யாக்கினேன். அரைஞாண் இப்போது கோவில் காணிக்கைப் பெட்டியில் இருக்கிறது.