காசில்லாமல் திறந்த கட்டுரை

நூலகர் என்றால் புத்தகம் அடுக்குபவர் என்று நினைப்பீர்கள். கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகமொன்றில் என் வேலை, ஆய்வுக் கட்டுரைகள் வெளிவர வழி தேடிக் கொடுப்பது. கட்டுரையை அனுப்பிவிட்டு மின்னஞ்சலையே பார்த்துக்கொண்டிருக்கும் சக நோயாளிகளே, உங்களுக்குத்தான் இது.

டொலரில் வந்த சந்தோஷம்

ரிஸ்வானா எங்கள் விரிவுரையாளர், அக்குறணைக்காரர். தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டமொன்றில் லயத்து வரிசை வீட்டுச் சனம் குடிக்கும், மலையூற்றிலிருந்து பீலியில் விழும் தண்ணீரைச் சோதித்தார். பீலிக்கு மேலேயிருந்த மாட்டுக் கொட்டிலால் தண்ணீர் கெடுகிறது என்று அவர் எழுதியதை வெளிநாட்டு ஆய்விதழொன்று ஏற்றுக்கொண்டது. ஆனால் எல்லாரும் இலவசமாக வாசிக்க வேண்டுமானால் எழுதியவர் கட்டணம் கட்ட வேண்டுமாம். டொலரில் கேட்டது அவருடைய பல மாதச் சம்பளம். சலுகை கேட்டோம். கட்டுரையை அனுப்பும்போதே கேட்டிருக்க வேண்டும் என்று பதில் வந்தது. கடை வைத்திருக்கும் அவருடைய வாப்பாவுக்கு விஷயமே விளங்கவில்லையாம்: "எழுதினதும் நீ, காசு கட்டுறதும் நீயா? இது என்ன யாவாரம் மகள்?"

மலிவு இதழ்

அடுத்த வாரம் ரிஸ்வானா சிரித்துக்கொண்டு வந்தார். வேறோர் இதழ் கொஞ்சக் காசுக்கு, சில நாட்களிலேயே போடுகிறதாம். அதற்குள் யார் வாசித்துத் திருத்துவார்கள்? அதன் ஆசிரியர் குழுவில் எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணப் பேராசிரியர் ஒருவரின் பெயர் இருந்தது. உடனே போன் எடுத்தேன். இதழின் பெயரைச் சொன்னேன். அவர் சொன்னார்: "பிள்ளை, என்ர பேர் அங்க கிடக்கு எண்டு நீர் சொல்லித்தான் எனக்கே தெரியும்!"

மூன்றாவது வழி

ரிஸ்வானா கதிரையில் சோர்ந்து உட்கார்ந்தார். "அந்தச் சனத்துக்கு நான் என்ன சொல்ற?" என்றார்.

"முதல் இதழிலேயே போடுவோம். காசு மட்டும் கட்டாதீங்க" என்றேன்.

கட்டாவிட்டால் இதழின் பக்கம் சந்தாக்காரருக்கு மட்டும்தான் திறக்கும். ஆனால் அவர்கள் ஏற்றுக்கொண்ட பிரதியை, அவர்கள் பக்கம் வடிவமைக்குமுன் இருந்தபடி, எங்கள் பல்கலைக்கழக இணையக் களஞ்சியத்தில் வைக்க அந்த இதழின் விதியே இடம் கொடுத்தது. இதழில் வந்த அன்றே ஏற்றினேன். ரிஸ்வானா அதைத் தோட்டப் பாடசாலை ஆசிரியை செல்விக்கு அனுப்பினார். "ஆய்வு வெளிவரட்டும், பார்ப்போம்" என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்த தோட்டத்து நிர்வாகியான துரையிடம் செல்வி நேரே போய்ப் போனை நீட்டினார். பிறகு எங்களை அழைத்தார்: "தொரை நின்ன எடத்துலயே வாசிச்சாருங்க, கொட்டில மாத்த ஆள் விட்டுட்டாரு!"

இதழ்களின் விதிகளை யாரும் கடைசி வரிவரை வாசிப்பதில்லை. எனக்கு வேலை இருப்பது அதனால்தான்.