இளப்பம் என்றால் என்ன?

காயம் கட்டுவது ஒரு நர்ஸுக்கு ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும்; காயத்தோடு வந்தவரிடம் பேசுவது பல வருஷமானாலும் வாய்க்கு வராது. ஆசுபத்திரியோ பள்ளிக்கூடமோ தாலுகா கச்சேரியோ, நாள் முழுவதும் ஜனங்களோடு மாரடித்தவராக நீங்கள் இருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்கும் நடந்திருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் நாஞ்சில் நாட்டில் ஒரு மிஷன் ஆசுபத்திரியில் நான் வேலைக்குச் சேர்ந்தேன்.

அகராதியில் இல்லாத அர்த்தம்

எங்கள் டாக்டரம்மா சீமையிலிருந்து வந்தவர். முன்ஷி வைத்துத் தமிழ் படித்திருந்தார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "இளப்பம் என்றால் என்ன?" என்று கேட்டார். அகராதியில் 'தாழ்வு' என்று போட்டிருந்ததாம். இராஜாக்கமங்கலத்திலிருந்து காலில் புண்ணோடு வந்திருந்த அணைஞ்சபெருமாள் என்ற விவசாயி, "அந்த நர்சு எளப்பமாப் பேசுதா" என்று என்னைப் பற்றிப் புகார் சொல்லியிருந்தார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. "ஏசுவது என்று அர்த்தம், டாக்டரம்மா. ஆனால் நான் அவரை ஏசவே இல்லை" என்றேன்.

நான் சொன்னது இவ்வளவுதான்: "காலையில ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை மருந்து குடிக்கணும். காலைன்னா சூரியன் உதிக்கிற நேரம். வெளங்கிச்சா தாத்தா?" நாற்பது வருஷமாக விடியும் முன்பே ஏர் பூட்டப் போனவரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். டாக்டரம்மா என்னையும் கூட்டிக்கொண்டு வார்டுக்குப் போய், "நர்ஸ் உங்களை ஏசினாளா?" என்று கேட்டார். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏசலையே அம்மா! ஏசியிருந்தா நானும் ரெண்டு ஏசீட்டுப் போயிருப்பேன். பச்சப்பிள்ளைக்குச் சொல்லுத மாதிரில்லா சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுதா!"

வக்கீல் வீட்டம்மா

அடுத்த வருஷம் அந்த இளப்பத்தில் என் பங்கு எனக்குக் கிடைத்தது. நாகர்கோவிலிலிருந்து ஒரு வக்கீலின் மனைவி பிரசவத்துக்கு வந்து பத்து நாள் இருந்தார். கஷ்டமான பிரசவம். தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரிது. பத்து நாளும் நான்தான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். புறப்படும் அன்று என்னைக் கூப்பிட்டார். "உங்க ஆளுகள்ல இவ்வளவு சுத்தமா ஒரு பொண்ண நான் கண்டதே இல்ல. இங்கிலீஷ்கூட வாசிக்கியே!" என்று சொல்லி, தான் உடுத்துப் பழசான ஒரு சேலையை என் கை படாமல் மேலேயிருந்து போட்டார். அவர் சொன்னதில் ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. எதைப் பிடித்துச் சண்டை போடுவது? "சந்தோஷம் அம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தச் சேலையை நானும் என்னோடு வேலை பார்த்த ஞானப்பூவும் கிழித்துக் கட்டுத்துணியாக்கிவிட்டோம். கிழித்துக்கொண்டே ஞானப்பூ சொன்னாள்: "அதுல பாரு, நம்மள நல்லாப் புகழ்ந்துட்டோம்னு அந்த அம்மைக்கு வண்டியில போகும்போது நெஞ்சு குளுந்திருக்கும்."

சீமை விருந்தாளிகள்

சீமையிலிருந்து நாலைந்து பேர் ஆசுபத்திரியைப் பார்க்க வந்தார்கள். டாக்டரம்மா என் தோளில் கை வைத்து, இங்கிலீஷில் சொன்னார்: "இவள் எவ்வளவு வேலை செய்கிறாள் தெரியுமா? நம்பமாட்டீர்கள், இவள் அப்பா பனையேறுகிறவர்!" எல்லோரும் என்னைப் பார்த்து அன்பாகத் தலையசைத்தார்கள். எங்கள் வீட்டில் ஐந்து உயிர் என் சம்பளத்தில் இருந்தது. இருந்தும் அவர்கள் போன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. "டாக்டரம்மா, அன்றைக்கு ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டீர்களே, இப்போது நீங்கள் செய்தது அதுதான்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகம் சிவந்துபோயிற்று. நேரே அறைக்குள் போய்விட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். சாயங்காலம், நான் துணி மடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு அவரே வந்தார். "இப்போது அர்த்தம் தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்" என்றார்.

செபமாலையின் விரல்

இத்தனைக்கும் பிறகு நான் திருந்தியிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? முப்பதுகளின் நடுவில் பெண்கள் வார்டு என் பொறுப்பில் இருந்தது. இனயத்திலிருந்து செபமாலை என்ற மீன்காரி வந்தாள். கெளுத்தி முள் குத்தி வலது கை வீங்கியிருந்தது. கீற வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். கத்தியைத் தயார் செய்துகொண்டே நான் பக்கத்து நர்ஸிடம், "கடற்கரைக்காரங்க, சொன்னா வெளங்காது. பைய நல்லவிதமாச் சொல்லு" என்றேன். திரும்பிப் பார்த்தபோது அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சு காலி. அன்றும் மறுநாளும் அவள் வரவில்லை. "அந்தக் கை போய்விடும்" என்றார் டாக்டரம்மா.

மூன்றாம் நாள் மாட்டுவண்டி பிடித்து இனயம் போனேன். செபமாலை வீட்டு வாசலில், கையில் பச்சிலை அரைத்துக் கட்டி உட்கார்ந்திருந்தாள். "பயப்படாதீங்க அம்மா" என்று ஆரம்பித்தேன். "பயமா? எனக்க மாப்பிள்ள கடல்ல போயி மூணு நாளு வராம இருந்தப்பளும் நான் பயந்தவ இல்ல" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மணலிலேயே அவள் எதிரில் உட்கார்ந்தேன். "அன்னைக்கு நான் பேசினது தப்பு. உள்ளே சீழ் ஏறிக்கிட்டிருக்கு. இன்னைக்குக் கீறலைன்னா விரல் போகும், கையும் போகலாம்" என்றேன். எவ்வளவு ஆழம் கீறுவீர்கள், எத்தனை நாளில் ஆறும், கூடை தூக்க முடியுமா என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். அவள் எழுந்து வந்து வண்டியில் ஏறினாள்.

கை தப்பியது. ஆனால் இரண்டு நாள் பிந்தியதால் ஆள்காட்டி விரல் மடங்காமலே நின்றுவிட்டது. வீட்டுக்குப் போகும் அன்று அந்த விரலை எனக்குக் காட்டினாள். கோபமாகச் சொல்லவில்லை. "வேற வெரலு இருக்கு, நான் சமாளிச்சிடுவேன். ஆனா இனி கடப்புறத்துல இருந்து ஒருத்தி வந்தா, எங்கிட்ட மூணாம் நாளு பேசினத அவகிட்ட மொத நாளே பேசணும், கேட்டியளா நர்சம்மா?"

இளப்பம் என்றால் என்ன என்று இன்று யார் கேட்டாலும் எனக்கு நன்றாகச் சொல்லத் தெரியும். மற்றவர்கள் என்னிடம் காட்டும்போது உடனே தெரிந்துவிடுகிறது, நான் காட்டும்போது மட்டும் யாராவது வந்து சொன்னால்தான் தெரிகிறது.