சிவப்பு ஒரே இடத்தில்தான்

செக் நாட்டில் பூங்கொத்து வாங்கினால் பூக்களை எண்ணித்தான் வாங்க வேண்டும். ஒற்றைப்படை நல்ல காரியத்துக்கு, இரட்டைப்படை சாவு வீட்டுக்கு. இது தெரியாமல், கல்யாணமான புதிதில் மாமனார் பிறந்தநாளுக்கு ஆறு ரோஜாவோடு போய் நின்றவள் நான். மனுஷர் ஒரு பூவை உருவி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். அவருக்கு எதற்கும் ஓர் அர்த்தம் உண்டு.

குன்னூரில் நாங்கள் வீடு கட்டியபோது, தன் ஊர் மன்றத்துச் சுவரிலுள்ள தங்கள் ஸ்லாவிய இனத்தின் வரலாற்று ஓவியத்தைப் பார்த்து, ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து சிறிதாக வரைந்தார். அவர் சமையலறையில் எனக்கு ஒவ்வொரு நிறமாக விளக்கினார். நீலம், அடிமைப்பட்டிருந்த காலத்து இருட்டு. வெள்ளை உடுத்தியவர்கள் மூதாதையர், யார் மண்ணுக்கும் ஆசைப்படாத உழவர்கள். சிவப்பு ஒரே இடத்தில்தான், நடுவில் நிற்கும் தாயின் கையிலிருக்கும் நாடாவில். வேறெங்காவது ஒரு சொட்டு சிவப்பு விழுந்தாலும் படம் கெட்டது என்றார்.

அந்தப் படத்தைத் தானே சுமந்துகொண்டு கிரகப்பிரவேசத்துக்கு வந்து சேர்ந்தார். அன்று காலை அக்கா சந்தனமும் குங்குமமுமாக வீட்டைச் சுற்றினாள். நிலைப்படி, பீரோ, கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், எதையும் விடவில்லை. பால் காய்ச்சிவிட்டு நான் கூடத்துக்கு வந்து பார்த்தால், படத்திலிருந்த வெள்ளை உடுப்புக்காரர்கள் அத்தனை பேர் நெற்றியிலும் குங்குமம். அக்காவிடம் பல்லைக் கடித்தேன்.

"முன்னோருங்கன்னு நீதானே சொன்ன? நல்ல நாளும் அதுவுமா வெறும் நெத்தியோட எப்புடி உடறது?"

நான் துணியை எடுப்பதற்குள் மாமனார் வந்துவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தின் அருகே போனார். நான் உளறலாக மன்னிப்புக் கேட்கக் கேட்க, அவர் கையமர்த்திவிட்டு, இங்கே சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று அக்காவிடம் கேட்கச் சொன்னார்.

"நம்மூட்டு ஆளுங்கன்னு அர்த்தமுங்க," என்றாள் அவள், அவரையே பார்த்து.

அவர் ஓரத்தில் வாளோடு நின்ற குதிரைவீரனைக் காட்டினார். அவன் நெற்றியில் மட்டும் பொட்டு இல்லை.

"அவன் வெட்ட வந்தவனாச்சுங்களே."

மொழிபெயர்த்துச் சொன்னேன். மனுஷர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நான் பக்கம் பக்கமாக விளக்கம் கேட்டும் புரியாத படம் இவளுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டதாம். என் கையிலிருந்த துணியைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

போன வாரம் அவரோடு அவர் ஊர் மன்றத்துக்குப் போயிருந்தேன். மூல ஓவியத்தில் ஆட்கள் ஆளுயரம். நீலம் நீலமாக, வெள்ளை வெள்ளையாக, எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. எனக்கோ அத்தனை நெற்றியும் வெறிச்சோடித் தெரிந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"இதை இன்னும் முடிக்கவில்லை போலிருக்கிறது," என்றார் மாமனார்.